இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில்: காரைக்குடி வாசிப்பு அறையில் ஒரு டார்த் வேடர் காமிக்ஸ்

பிள்ளைகளோடு உட்கார்ந்து புத்தகம் படிக்கிற வேலையில் இருக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். யார் என்று தெரியக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன். எழுதலாமா என்று அந்தப் பையனிடமே கேட்டேன், "எழுதுங்கண்ணே, பேர் மட்டும் வேணாம்" என்றான்.

பின்னணி

காரைக்குடியில் ஒரு பழைய வீட்டில் சனிக்கிழமை மாலைகளில் நாங்கள் மூன்று பேர் ஒரு வாசிப்பு அறை நடத்துகிறோம். வீட்டுக்காரர்கள் சென்னையில் இருக்கிறார்கள், பூட்டியே கிடந்தால் கரையான் தின்றுவிடும், நாலு பேர் புழங்கட்டும் என்று சாவியைக் கொடுத்தார்கள். எட்டு வயதிலிருந்து பதினாலு வரை பதினைந்து பிள்ளைகள் வருவார்கள். நாற்காலி போட்டாலும் உட்கார மாட்டார்கள், ஆத்தங்குடி கல் பதித்த தரை ஜில்லென்று இருப்பதால் வளவில் குப்புறப் படுத்துக்கொண்டுதான் படிப்பார்கள். மூவரில் ஒருவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியை, பிள்ளைகளுக்கு டீச்சரம்மா. இன்னொருவர் வங்கி ஊழியர். மூன்றாவது ஆள் நான்.

இரண்டு வருடம் முன்பு கோடை விடுமுறையில் ஒரு அட்டைப்பெட்டி வந்தது. மகன் வெளிநாடு போய்விட்டான், அவன் புத்தகங்கள் உங்களுக்குப் பயன்படுமா என்று ஒரு குடும்பம் கொடுத்தது. அதில் நான்கு தொகுதிகள், ஸ்டார் வார்ஸ் படங்களில் வருகிற முகமூடி வில்லன் டார்த் வேடரின் காமிக்ஸ் தொடர், ஆங்கிலத்தில். மார்வெல் 2015 பிப்ரவரியில் தொடங்கி 2016 அக்டோபரில் 25 இதழ்களோடு முடித்த தொடர் அது. எழுதியவர் கீரன் கில்லன், வரைந்தவர் சால்வடோர் லரோகா. 2017இலும் 2020இலும் வேறு எழுத்தாளர்கள் வேடரை வைத்துத் தொடங்கிய தொடர்கள் தனி, எங்களுக்கு வந்தது 2015 தொடர்.

தெரியாதவர்களுக்குக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், பின்னால் வருவது அப்போதுதான் புரியும். 1977இல் வந்த முதல் ஸ்டார் வார்ஸ் படத்துக்கும் 1980இல் வந்த இரண்டாவது படத்துக்கும் இடைப்பட்ட காலத்தில் இது நடக்கிறது. பேரரசின் டெத் ஸ்டார் என்ற ராட்சத விண்வெளி ஆயுதம் வெடித்துச் சிதறிவிட்டது, பேரரசர் அந்தப் பழியை வேடர் தலையில் போட்டு, டாகே என்ற தளபதிக்குக் கீழே வேலை பார்க்கச் சொல்லிவிடுகிறார். படத்தில் எல்லாரையும் நடுங்க வைத்தவர் இங்கே திட்டு வாங்குகிறார், கைகட்டி நிற்கிறார், மறைவாகத் தனக்கென்று ஆள் சேர்க்கிறார். டெத் ஸ்டாரைத் தகர்த்த அந்த இளைஞன் யார் என்று கண்டுபிடித்து வர ஒரு கூலி வேட்டைக்காரனை அனுப்புகிறார். அது தன் மகன் என்று அவருக்கு இன்னும் தெரியாது.

பையனுக்கு அப்போது பதின்மூன்று வயது, எட்டாவது முடித்திருந்தான். அம்மா வீட்டில் தையல், கூட அப்பத்தா. அப்பா சிங்கப்பூரில். அவனுக்கு ஒன்பது வயதில் போனவர், நடுவில் ஒரு தடவைகூட வரவில்லை. பணம் மாதம் தவறாமல் வந்துவிடும், பேச்சுதான் குறைவு. வெளிநாடு போன ஆம்பளைகளுக்காகக் காத்திருப்பது இந்த ஊருக்குப் புதிதில்லை, பர்மாவுக்கும் மலேயாவுக்கும் போனவர்களின் கடிதத்துக்காகக் காத்திருந்த வீடுகள்தான் இவையெல்லாம். ஆனால் காத்திருக்கிறவனுக்கு அது ஒவ்வொரு தடவையும் புதிதுதான்.

கவனித்தவை

முதல் இரண்டு மாதம் அவன் ஒரு புத்தகமும் எடுக்கவில்லை. சித்தி மகனுக்குத் துணையாக வருவான், தூணில் சாய்ந்து உட்கார்ந்திருப்பான், போவான். பெட்டியைப் பிரித்த அன்று முதல் தொகுதியின் அட்டையில் இருந்த கறுப்புத் தலைக்கவசத்தைப் பார்த்துவிட்டு அதைக் கையில் எடுத்தவன் இரண்டு மணி நேரம் கீழே வைக்கவில்லை.

அவனுக்கு ஆங்கிலம் தட்டுத் தடுமாறித்தான் வரும். உதடு அசைய அசைய எழுத்துக்கூட்டிப் படித்தான், புரியாத இடத்தில் படத்தைப் பார்த்தான். வசனமே இல்லாத பக்கங்களில்தான் அதிக நேரம் நின்றான். ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, "அண்ணே, இந்தக் கட்டத்துல இவரு கோவமா இருக்காரா, வருத்தமா இருக்காரா?" என்று கேட்டான். முகமூடிதானே, எப்படித் தெரியும் என்றேன். "இவரப் பாத்தா தெரியாதுண்ணே. எதிர்ல நிக்கிறவன் மூஞ்சியப் பாருங்க" என்று பக்கத்துக் கட்டத்தில் இருந்த அதிகாரியின் முகத்தை விரலால் தொட்டுக் காட்டினான். நான் இத்தனை வருடம் காமிக்ஸ் படித்தும் எனக்குத் தோன்றாத விஷயம் அது. லரோகா அந்தக் கவசத்தை எங்கேயும் வளைக்கவில்லை, அது கோபத்திலும் அதேதான், துக்கத்திலும் அதேதான். நிற்கிற தூரம், தலையின் சாய்வு, எதிராளியின் கண் இவற்றை வைத்துத்தான் நாம் படித்துக்கொள்ள வேண்டும். படத்தில் முகமூடிக்குள்ளிருந்து ஒலிக்கும் அவருடைய மூச்சும் காகிதத்தில் கிடையாது. பையன் படிக்கும்போது மூச்சை அவனே சேர்த்துக்கொண்டான், பக்கம் திருப்பும் போதெல்லாம் மெதுவாக ஒரு இழுப்பு கேட்கும்.

மூன்றாவது வாரம் தகராறு. ஒன்பது வயதுப் பெண் பிள்ளை ஒருத்தி அவன் புத்தகத்தை இழுத்திருக்கிறாள். அவன் ஒன்றும் பேசாமல் எழுந்து நின்று, கையை நீட்டி, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் எதையோ நெரிக்கிற மாதிரி வளைத்து, மூச்சை இழுத்து விட்டபடி அவள் கழுத்துக்கு நேரே பிடித்தான். தொடவே இல்லை, கதையில் வேடரும் இப்படித் தொடாமலேதான் எதிராளியின் கழுத்தை நெரிப்பார். அவள் பயந்து அழுத அழுகையில் தெருவில் போனவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

மறுநாள் அவள் அப்பா வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். "கொலைகாரன் கதையெல்லாம் பிள்ளைங்களுக்கு எதுக்குங்க? அதைத் தூக்கிப் போடுங்க." பையனின் அப்பத்தாவும் அதே வாரம் சொல்லி அனுப்பினார்: "என்ன தம்பி, எந்நேரமும் சட்டியக் கவுத்த மாதிரி ஒருத்தன் படத்தையே வரைஞ்சுக்கிட்டு இருக்கான், நல்லதா ஒரு பொஸ்தகம் குடுக்கப்படாதா?"

புத்தகத்தை எடுப்பதா, வைப்பதா

மூவரும் உட்கார்ந்து பேசினோம். புத்தகத்தை எடுத்துவிடலாம் என்றார் வங்கி நண்பர், அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. முதல் தொகுதியிலேயே ஜீரோ-ஜீரோ-ஜீரோ என்று ஒரு ரோபோ வருகிறது, மரியாதையாகப் பேசிக்கொண்டே சித்திரவதை செய்கிற ஜாதி. எட்டு வயதுப் பிள்ளை கையில் அது போகக் கூடாது என்பதில் எங்களுக்குள் வேறு கருத்தே இல்லை.

நான் எடுக்க வேண்டாம் என்றேன். இரண்டு காரணம். முதலாவது, எங்கள் பக்கத்து ஊர் கோட்டையூர். பெயர்ப்பலகை எழுதிப் பிழைத்த ரோஜா முத்தையா வாழ்நாள் முழுக்கப் புத்தகமும் துண்டு நோட்டீசும் சேர்த்த ஊர். மற்றவர்கள் குப்பை என்று ஒதுக்கியதையும் அவர் சேர்த்து வைத்தார். 1992இல் அவர் காலமான பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கி, 1994இல் சென்னையில் ஆய்வு நூலகமாக அது நிலைபெற்றது. அந்த ஊருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, பிடிக்கவில்லை என்பதற்காக ஒரு புத்தகத்தைத் தூக்கிப் போட எனக்கு மனம் வரவில்லை. இரண்டாவது, அந்தப் பையன் வாழ்க்கையில் தானாக எடுத்த முதல் புத்தகம் அது.

அந்தப் பெண் பிள்ளையின் அப்பாவிடம் நானே போய்ப் பேசினேன். அவருக்கு என் வயதுதான் இருக்கும். சின்ன வயதில் லயன் காமிக்ஸ் படிப்பீர்களா என்று கேட்டேன். முகம் கொஞ்சம் இளகியது. ஸ்பைடர்? "ஆமா, அந்தக் கூர்மண்டைக்காரன்!" அவனும் குற்றவாளியாக, குற்றச் சக்கரவர்த்தி ஆகவேண்டும் என்ற ஆசையோடு வந்தவன்தானே, அப்புறம்தானே திருந்தினான் என்றேன். அவர் சற்று யோசித்துவிட்டு, "சரி, ஆனா எம் பொண்ணுகிட்ட அவன் மன்னிப்புக் கேக்கணும்" என்றார். கேட்டான். முணுமுணுத்துத்தான் கேட்டான், ஆனால் கேட்டான்.

முடிவு இப்படி: பன்னிரண்டு வயதுக்குக் கீழே இந்தத் தொகுதிகள் கிடையாது. வீட்டுக்குக் கொடுப்பதில்லை. பெரிய பிள்ளைகள் ஒன்பது பேர் சேர்ந்து உட்கார்ந்து படிப்பார்கள், பையன் வாசிப்பான், எல்லாருமாகத் தமிழில் சொல்லிப் பார்ப்பார்கள். அவனுக்கு ஒரு பொறுப்பு வந்தால் கை நீட்டுகிற சேட்டை குறையும் என்று டீச்சரம்மா நினைத்தார்.

தமிழில் சொல்லிப் பார்த்த வாரங்கள்

எனக்கு இந்த ஆறு வாரம்தான் மறக்கவே மறக்காது. முதல் நாளே பேரில் சிக்கல். கரும்பலகையில் 'வேடர்' என்று எழுதினேன். ஒரு பிள்ளை, "கண்ணப்பர் மாதிரி வேடரா அண்ணே?" என்றது. இன்னொன்று, "வேடம் போட்டிருக்காருல்ல, அதான் வேடர்" என்றது. ஆங்கிலத்தில் யாருக்கும் கிடைக்காத இரண்டு அர்த்தம் தமிழ் எழுத்தில் சும்மா வந்து உட்கார்ந்துகொண்டது.

அப்புறம் நீ, நீங்கள். ஆங்கிலத்தில் எல்லாருக்கும் ஒரே சொல், தமிழில் வாயைத் திறந்தாலே யார் மேலே யார் கீழே என்று தெரிந்துவிடும். பேரரசர் வேடரை 'நீ' என்பார், வேடர் அவரைக் 'குருவே' என்பார், இதில் தகராறு இல்லை. டாகேயை வேடர் எப்படிக் கூப்பிடுவார்? மேலதிகாரி, ஆனால் மனசுக்குள் மதிப்பு இல்லை. அரை மணி நேரம் சண்டை போட்டு, வேடர் அவரிடம் பேசும்போது 'நீ'யும் வராமல் 'நீங்க'ளும் வராமல் வாக்கியத்தைத் திருப்பிப் போடுவது என்று முடிவு செய்தார்கள். "உத்தரவு கிடைத்தது." "செய்து முடிக்கப்படும்." பையன் சொன்ன வழி அது. பிடிக்காத மாமா வீட்டுக்கு வந்தால் அம்மா இப்படித்தான் பேசுவாள் என்றான்.

அஃப்ரா என்ற பெண் வந்தபோது பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். புதைந்து கிடக்கிற பழைய ஆயுதங்களையும் ரோபோக்களையும் தேடி எடுக்கிற தொல்பொருள்காரி, வேடரிடம் வேலைக்குச் சேர்கிறாள். முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய சாமான் கடைகளைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு அவளை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. இடிக்கிற வீட்டிலிருந்து தேக்குத் தூணும் நிலைக்கதவும் எடுத்து விற்கிறவர்கள் அவர்கள் சொந்தக்காரர்களிலேயே இருக்கிறார்கள். அவள் வேடரை 'முதலாளி' என்று கூப்பிட வேண்டும் என்று ஒருமனதாக முடிவானது.

பையன் மாறியது கண்ணுக்குத் தெரிந்தது. முன்பெல்லாம் தூணோடு ஒட்டிக்கொண்டிருந்தவன் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். ஒரு சொல்லுக்காக டீச்சரம்மாவிடமே வாதாடினான்.

ஆறாவது இதழும் நான் செய்த தவறும்

முதல் தொகுதி ஆறாவது இதழோடு முடிகிறது. வேட்டைக்காரன் திரும்பி வந்து தனக்குக் கிடைத்த ஒரே தகவலைச் சொல்கிறான், அந்த இளைஞனின் குடும்பப் பெயர், ஸ்கைவாக்கர். அது வேடரின் சொந்தப் பெயர். அவர் விண்கலத்தின் கண்ணாடி முன்னால் அசையாமல் நிற்கிறார், பழைய நினைவுகள் வந்து போகின்றன, கண்ணாடி விரிசல் விடுகிறது. தனக்கு ஒரு மகன் இருக்கிறான் என்று சொல்லிக்கொள்கிறார். 

அதை எப்படிச் சொல்வது என்று பேச்சு வந்தது. 'எனக்கொரு மகன் இருக்கிறான்' என்றது ஒரு பிள்ளை. பையன் தலையை ஆட்டினான். "மகன்னா மனு எழுதுற மாதிரி இருக்கு. பையன். எனக்கு ஒரு பையன் இருக்கான். போன்ல அப்பிடித்தான் சொல்லுவாங்க."

அங்கே நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க வேண்டும். முந்தின வாரம்தான் வேடர் பெயரை ஆங்கிலத்தில் எழுதுகிற அதே எழுத்துகளில் டச்சு மொழியில் எழுதுகிற சொல்லுக்கு அப்பா என்று பொருள் என்று பிள்ளைகளுக்குச் சொல்லியிருந்தேன். எல்லாம் ஒன்றாகச் சேர்கிறது, இவன் மனசு திறக்கிற நேரம் இது என்று நானே தீர்மானித்துக்கொண்டு, ஒன்பது பிள்ளைகள் முன்னால், "உங்க அப்பாவும் அங்க இப்படித்தான் உன்னை நினைச்சுக்கிட்டு நிப்பாருல்ல?" என்று கேட்டேன்.

அவன் பதில் சொல்லவில்லை. புத்தகத்தை மூடினான், அட்டையில் படிந்திருந்த தூசியைச் சட்டை நுனியால் துடைத்தான், எழுந்து அலமாரியில் அதன் இடத்திலேயே வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போனான். ஒரு கோபமும் முகத்தில் இல்லை. ஒன்றுமே இல்லை.

அடுத்த சனிக்கிழமை வரவில்லை, அதற்கடுத்ததும் வரவில்லை.

இதில் தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை. அப்பா விஷயம் எனக்கு முன்பே தெரியும், தெரிந்ததால்தான் கேட்டேன். இரண்டு மாதமாக அவன் முகமூடிக்குப் பின்னால் பத்திரமாக உட்கார்ந்து அந்த விஷயத்தை அவன் வேகத்தில் படித்துக்கொண்டிருந்தான். நான் எல்லார் முன்னாலும் அதைக் கழற்றினேன்.

அதன் பிறகு

வீட்டுக்குப் போய்ப் பேசட்டுமா என்று டீச்சரம்மாவிடம் கேட்டேன். "போகாதே. நீ போனா உன் மனசு ஆறும், அவனுக்கு என்ன ஆகும்? புத்தகத்தை அனுப்பு" என்றார். வீட்டுக்குக் கொடுப்பதில்லை என்ற எங்கள் விதியை நாங்களே மீறி, இரண்டாவது மூன்றாவது தொகுதிகளை அவன் சித்தி மகனிடம் கொடுத்து அனுப்பினோம். சீட்டு, செய்தி எதுவும் வைக்கவில்லை.

மூன்றாவது வாரம் சித்தி மகன் ஒரு வாக்கியத்தோடு வந்தான். "அண்ணே, நடுவுல மூணு இல்லையாம்."

எடுத்துப் பார்த்தால் உண்மைதான். இரண்டாவது தொகுதி 12ஆம் இதழோடு முடிகிறது, மூன்றாவது 16இல் தொடங்குகிறது. 13, 14, 15 மூன்றும் வேடர் டவுன் என்ற தனித் தொகுதியில் இருக்கின்றன, ஸ்டார் வார்ஸ் என்ற இன்னொரு தொடரோடு பின்னிப் போகிற கதை என்பதால் தனியாகத் தொகுத்திருக்கிறார்கள். எங்கள் பெட்டியில் அது வரவே இல்லை, நாங்களும் கவனிக்கவே இல்லை. உள்ளதை உள்ளபடி சொல்லி அனுப்பினேன்: அது எங்களிடம் இல்லை, தேடுகிறோம்.

இன்னும் இரண்டு வாரம் கழித்து அவனே வந்தான். என்னிடம் வரவில்லை. அவன் பயமுறுத்திய அந்தச் சின்னப் பெண்ணிடம் நேராகப் போய் ஒரு கோடு போடாத நோட்டைக் கொடுத்தான். விடுபட்ட மூன்று இதழ்களை அவனே எழுதி வரைந்திருந்தான். பதினான்கு பக்கம். அடிக்கோலால் கட்டம் போட்டு, தலைக்கவசத்தைக் கறுப்புப் பேனாவால் அழுத்தி அழுத்தி நிரப்பியதில் தாளின் பின்பக்கம் புடைத்து, தடவினால் கவசத்தின் வடிவம் விரலுக்குத் தட்டுப்பட்டது. பத்தாவது பக்கத்தில் வேடரின் கப்பல் பழுதாகி ஒரு தெருவில் விழுகிறது. ஒரு வீட்டின் திண்ணையில் உட்கார்கிறார். உள்ளே இருக்கிற கிழவி தண்ணீர் கொடுக்கிறாள். குடிக்க முகமூடியைக் கழற்ற வேண்டும், கழற்ற மாட்டார், அதனால் சொம்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நான்கு கட்டம் முழுக்க அதுதான், வசனம் கிடையாது.

பத்து வயதுகூட ஆகாத பிள்ளைக்கு வேடர் கதையா என்று யாரும் கேட்கவில்லை. அவன் வரைந்ததில் ஒரு கொலைகூட இல்லை.

அன்று நான் அவனிடம், "அன்னைக்கு நான் கேட்டது தப்பு" என்று மட்டும் சொன்னேன். "சரிண்ணே" என்றான். அதற்கு மேல் இன்றுவரை இருவரும் அதைப் பேசவில்லை. நான்காவது தொகுதியை அந்த வருட தைக்குள் முடித்தார்கள். கடைசி இதழில் வேடர் அஃப்ராவை விண்வெளியில் தள்ளிவிடுகிறார், அவள் அதையும் எதிர்பார்த்து ஏற்பாடு செய்து வைத்திருந்து தப்பிக்கிறாள். அவருக்கு அது தெரியுமா தெரியாதா என்று பையன் ஒரு பக்கமும் மற்ற எட்டுப் பேர் ஒரு பக்கமுமாக வாதாடினார்கள். அவன் தோற்கவில்லை.

பள்ளியில் மார்க் பெரிதாக ஏறிவிடவில்லை. தமிழ்க் கட்டுரை மட்டும் நீளமாக எழுதுகிறான் என்று அவன் அம்மா சொன்னார். அப்பா இன்னும் வரவில்லை.

மறுபடி செய்தால்

ஒரு தொடரை அலமாரியில் வைக்கும் முன் முழுக்க நானே படிப்பேன். படித்திருந்தால் சித்திரவதைப் பக்கங்கள் முதல் நாளே தெரிந்திருக்கும், வயது வரம்பைச் சண்டைக்கு அப்புறம் போட வேண்டியிருந்திருக்காது, மூன்று இதழ் இல்லாததும் தெரிந்திருக்கும். இல்லாததால் அந்த நோட்டு கிடைத்தது என்பது வேறு விஷயம், அதை நம்பி அடுத்த தடவை புத்தகத்தை ஒளித்து வைக்க முடியாது.

ஒரு பிள்ளை வீட்டில் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரிந்தால், கதையில் அது வருகிற இடத்தில் நான் கேள்வியே கேட்க மாட்டேன். மற்ற இடங்களில் கேட்பேன். அந்த இடத்தில் அவன் வாசித்தால் கேட்பேன், வாசிக்காமல் தாண்டினால் நானும் தாண்டுவேன். இதை மூவரும் இப்போது பேசி வைத்துக்கொண்டிருக்கிறோம், புதிதாகச் சேர்ந்த தன்னார்வலரிடமும் முதல் நாளே சொன்னோம்.

கை நீட்டிய அன்றைக்கே அவனையும் அந்தப் பெண்ணையும் சேர்த்து உட்கார வைத்து, வேடர் கழுத்தை நெரிக்கிற கட்டத்தில் பிடிபட்டவனின் முகத்தைப் பார்க்கச் சொல்லியிருக்கலாம். அவன் ஏற்கெனவே முகங்களைத்தான் படித்துக்கொண்டிருந்தான். எனக்கு அது அப்போது தோன்றவில்லை.

விடுபட்ட தொகுதி சென்ற வருடம் கிடைத்துவிட்டது, வங்கி நண்பர் சென்னையிலிருந்து வாங்கி வந்தார். நோட்டின் அசல் அந்தப் பெண்ணிடம் இருக்கிறது, தர மாட்டேன் என்றுவிட்டாள், அதனால் ஜெராக்ஸ் எடுத்துத் தைத்து அதையும் அலமாரியில் இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் வைத்திருக்கிறோம். புதிதாக வருகிற பிள்ளைகள் எதை முதலில் படிக்க வேண்டும் என்று கேட்டால், தூணில் சாய்ந்தபடி அவன் ஜெராக்ஸைக் காட்டுகிறான்.